கொடைக்கானல் மலையில் ஒரு டீச்சரின் பெயர்

திண்டுக்கல் ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கிறது நாகல் நகர். சௌராஷ்டிரக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பகுதி. கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், பெட்டி படுக்கையோடு இங்கே இறங்கும் வெளியூர்க்காரர்கள் பலருக்கும் ஒரே கேள்விதான்: "கொடைக்கானல் பஸ் எங்கே நிற்கும்?"

காமராஜர் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறினால் செம்பட்டி, வத்தலக்குண்டு வரை சமவெளி. பிறகு வளைந்து வளைந்து மலையேறும் பாதை. வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டிவிட்டால் கொடைக்கானல். ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை என்று பார்த்துவிட்டு, ஹோம்மேட் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறோம். அதே மலையில், அட்டுவம்பட்டியில் இருக்கும் ஒரு வளாகம் நம் பட்டியலில் இடம்பெறுவதில்லை. அதுதான் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்த 1984-ல் தமிழக அரசு தொடங்கியது.

தொழுநோயாளிகளுக்கும் அநாதைகளுக்கும் தாயாக இருந்தவரின் பெயரை மருத்துவமனைக்கு வைத்தால் பொருத்தம். பல்கலைக்கழகத்துக்கு ஏன் என்று கேட்கத் தோன்றும். நாம் அதிகம் பேசாத விஷயம் ஒன்று உண்டு. அன்னை தெரசா அடிப்படையில் ஒரு டீச்சர்.

பதினெட்டு வயதில் வீட்டைவிட்டு...

1910 ஆகஸ்ட் 26 அன்று ஸ்கோப்யே நகரில் பிறந்தவர் ஆக்னஸ். 18 வயதில் லொரேட்டோ சபையில் சேர அயர்லாந்துக்குக் கிளம்பினார். அன்று விடைகொடுத்த அம்மாவை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. அயர்லாந்தில் கொஞ்ச நாள் ஆங்கிலம் கற்றுக்கொண்டு, 1929-ல் இந்தியா வந்து சேர்ந்தார். டார்ஜிலிங்கில் பயிற்சி, 1931-ல் முதல் வார்த்தைப்பாடு. சிஸ்டர் தெரசா ஆனார்.

அடுத்து கொல்கத்தா, என்டாலி பகுதியில் உள்ள செயின்ட் மேரீஸ் பள்ளி. வங்காள மொழியில் பாடம் நடக்கும் பெண்கள் பள்ளி அது. பூகோளமும் சரித்திரமும் எடுத்தார். வங்காளத்தை அவ்வளவு நன்றாகப் பேசியதால், சக கன்னியாஸ்திரிகள் அவரை 'பெங்காலித் தெரசா' என்றே அழைத்தார்களாம். இன்னொரு பள்ளிக்குப் பாடம் எடுக்கப் போனபோது, வகுப்பறை குப்பையாகக் கிடந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு, தண்ணீரும் துடைப்பமும் எடுத்துப் பெருக்க ஆரம்பித்துவிட்டார். டீச்சரே பெருக்குவதை அதுவரை பார்த்திராத பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள்.

1944-ல் தலைமையாசிரியை ஆனார். அதற்கு முந்தைய வருடம்தான் வங்கப் பஞ்சம். 1946 ஆகஸ்டில் மதக்கலவரம். கடைகள் மூடிக்கிடக்க, விடுதியில் சுமார் 300 மாணவிகளுக்குச் சாப்பாடு இல்லை. வெளியே யாரும் தலைகாட்டாத தெருவில் உணவு தேடிக் கிளம்பினார். லாரியில் வந்த ராணுவ வீரர்கள் அரிசி மூட்டைகளோடு அவரைப் பள்ளிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். தெருவில் கிடந்த உடல்களையும் அன்று அவர் பார்த்தார்.

முதலில் திறந்தது பள்ளிக்கூடம்தான்

அடுத்த மாதமே டார்ஜிலிங் செல்லும் ரயிலில், ஏழைகளோடு வாழப் போக வேண்டும் என்ற அழைப்பை உணர்ந்தார். அனுமதி கிடைக்க இரண்டு வருடம் ஆனது. 1948 ஆகஸ்டில் நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலையில் பள்ளியைவிட்டு வெளியேறினார். பாட்னாவில் கொஞ்ச காலம் நர்ஸ் பயிற்சி.

டிசம்பரில், தன் பழைய பள்ளியின் மதிலுக்கு அப்பால் இருந்த மோதிஜீல் குடிசைப் பகுதிக்கு வந்தார். முதல் வேலையாக அங்கே பள்ளி தொடங்கினார். கட்டடம் இல்லை, கரும்பலகை இல்லை. குச்சியால் மண்ணில் எழுத்துகளை எழுதிக் காட்டினார். எதிரே விரல்விட்டு எண்ணக்கூடிய பிள்ளைகள். சுத்தமாக வருபவர்களுக்குச் சோப்புதான் பரிசு!

1949-ல் அவரோடு முதலில் வந்து சேர்ந்தவர் சுபாஷினி தாஸ், செயின்ட் மேரீஸில் அவரிடம் படித்த மாணவி. பிறகு வந்தவர்களிலும் பழைய மாணவிகள் உண்டு. 1950-ல் அங்கீகாரம் பெற்று, பின்னாளில் உலகம் முழுக்கப் பரவிய சபை, ஒரு டீச்சரை நம்பி வந்த மாணவிகளால் உருவானது. 1979-ல் நோபல், 1980-ல் பாரத ரத்னா எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. அவர் மறைந்த நாள் 1997 செப்டம்பர் 5. நம் நாட்டில் ஆசிரியர் தினம்.

அட்டுவம்பட்டி சுற்றுலாத் தலம் அல்ல, வகுப்பு நடக்கிற இடம். செல்ஃபி எடுக்க அங்கே போகவேண்டியதில்லை. ஆனால், பிளஸ் டூ முடித்த பெண் உங்கள் வீட்டில் இருந்தால், கொடைக்கானல் பயணத்தில் ஒரு வேலைநாளை ஒதுக்கி, அலுவலகத்தில் என்னென்ன படிப்புகள் இருக்கின்றன என்று விசாரித்துவிட்டு வரலாம். "பொம்பளப் புள்ளையை ஹாஸ்டல்ல விடுறதா?" என்று தாத்தா பாட்டி தயங்கினால், அந்தப் பெயருக்கு உரியவர் வீட்டைவிட்டுக் கிளம்பியபோது அவருக்கும் வயது 18 என்று சொல்லுங்கள். அவர் போனது கடல் தாண்டி. நம் பெண் போவது நாகல் நகரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள்.