சுவரில் இருக்கும் ஆச்சிக்குப் பெயர் என்ன?

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில், 1826-ல் திறக்கப்பட்ட தூய திரித்துவப் பேராலயத்தை ஊர்மக்கள் ஊசிக்கோபுரம் என்பார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பாளையின் பழைய வீடுகளுக்குள் போனால், சுவரில் கறுப்பு வெள்ளைப் படங்கள். நாற்காலியில் தாத்தா, பக்கத்தில் ஆச்சி. “ஆச்சி பேர் என்ன?” என்று கேட்டால் பேரப்பிள்ளைகள் விழிக்கிறார்கள்.

ஸ்காட்லாந்தில் எடின்பரோ அருகே நியூஹேவன் என்றொரு மீனவ ஊர். 1840-களில் ஹில், ஆடம்சன் என்ற இருவர் அந்த மக்களைப் படம் பிடித்தார்கள். மீன் விற்ற எலிசபெத் ஜான்ஸ்டன் ஹாலை உலகம் இன்றும் பெயரோடு அறிகிறது. ஆனால், 1909-ல் தர்ஸ்டன் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் நம் மக்களின் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் சாதிப் பெயர்தான். ஆள் பெயர் இல்லை.

1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டூடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடிப் பாதுகாத்து வருகிறது. படத்தை நிறுவனம் காப்பாற்றும். பெயரை வீட்டார்தான் காப்பாற்ற வேண்டும். இந்த லீவுக்கு ஊருக்குப் போனால், பெரியவர்களிடம் கேட்டு, படத்தின் பின்பக்கம் பென்சிலால் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள்.