பாட்டி கொடுத்த ஏழு ரூபாய்

எனக்கு முதல் வேலை கிடைச்சப்ப பாட்டி ஏழு வெள்ளி ரூபாய் கொடுத்தாங்க. ஒண்ணு 1862 விக்டோரியா ராணி, மீதி ஆறும் 1918 அஞ்சாம் ஜார்ஜ். ஒவ்வொண்ணும் 11.66 கிராம், அதுல 91.7 சதவீதம் வெள்ளி. பழைய வேட்டித் துணியில சுத்தி எவர்சில்வர் டப்பாவுல வச்சிருந்தாங்க. லேசா கறுத்திருந்தது, அவ்ளோதான்.

'இப்படியா வைக்கிறது?'ன்னு நம்ம இன்ஜினியர் மூளை கேட்டுச்சு. ஒரு ஆல்பம் வாங்கி, பளபள பிளாஸ்டிக் பாக்கெட்ல ஒவ்வொண்ணா செருகி, பீரோல வச்சு, மறந்தாச்சு.

மூணு வருஷம் கழிச்சு எடுத்தா... பச்சை! தொட்டா பிசுபிசுன்னு ஒட்டுது. புது ரெக்ஸின் பை மாதிரி ஒரு வாசனை வேற.

அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன் (பக் வந்தப்புறம் டாக்குமெண்ட் படிக்கிற சாதி நாம!). மெத்துனு வளையுற பாக்கெட் பெரும்பாலும் பிவிசி. வளையறதுக்காக அதுல கலக்குற எண்ணெய்ச் சமாச்சாரம் காலப்போக்குல கசியும். பிளாஸ்டிக் சிதையும்போது அமிலமும் வரும். அந்த அமிலம் ரூபாய்ல கலந்திருக்கிற செம்பைக் கடிக்குது. அதான் பச்சை.

சுத்தமான அசிட்டோன்ல முக்கி எடுத்தேன். தேய்க்கவே இல்லை, தேய்ச்சா கீறல் விழும். ஆறு ஜார்ஜும் தப்பிச்சாரு. ராணி கன்னத்துல மட்டும் பச்சைக்கு அடியில அம்மைத் தழும்பு மாதிரி குழி. அது இனி போகாது.

இப்ப ஏழும் கெட்டியான அக்ரிலிக் கேப்சூல்ல இருக்கு. அக்ரிலிக் இப்படிக் கசியாது, விரல் ரேகையும் படாது. ஆனா அதுவும் மந்திரப்பெட்டி இல்லைங்க. காத்து கொஞ்சம் போகத்தான் செய்யும், காத்துல இருக்கிற கந்தகத்தால வெள்ளி மெதுவா கறுக்கும். ஈரத்தோட மூடினா ஈரமும் உள்ளேயே இருக்கும். அசிட்டோன் மிச்சமிருந்தா கேப்சூலே உருகும். அளவு பெருசா இருந்தா காசு உள்ள ஆடி விளிம்பு தேயும். நான் வெர்னியர் வச்சு அளந்துதான் வாங்கினேன்.

பாட்டிகிட்ட ராணியைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"துணியிலயே வச்சிருக்கலாம்ல ராசா?"

பதில் இல்லை என்கிட்ட.

உங்க வீட்லயும் ஆல்பம் இருந்தா, இன்னைக்கே எடுத்து ஒருதடவை மோந்து பாருங்க. ரெக்ஸின் வாசனை வந்தா உடனே காசை வெளிய எடுத்துருங்க.