நாற்பது கம்பிகள்

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். அப்பா துறைமுகத்திலிருந்து மீன் கூடையைச் சைக்கிளில் கட்டி ஊர் ஊராக விற்பவர். உப்புத் தண்ணீர் பட்டுப் பின்சக்கரக் கம்பிகள் அடிக்கடி அறும். சைக்கிள் நின்றால் அன்றைக்கு வருமானம் இல்லை.

அதனால் சக்கரத்தை வீட்டிலேயே கட்டுகிறோம். கம்பியும் நிப்பிளும் நான் சிதம்பரத்தில் காலேஜ் விட்டு வரும்போது வாங்கி வருவேன். முன்சக்கரத்துக்கு 32, பின்னால் 40. பாரம் பின்னால்தானே! சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ரிம்மை ஒட்டிச் சாக்பீஸைப் பிடித்துச் சுற்றினால், கோணிய இடத்தில் கோடு விழும். கோடு விழுந்த பக்கத்துக் கம்பியைத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியை முறுக்கணும்.

"எந்தக் கம்பிப்பா பாரம் தாங்குது?" என்று கேட்டேன். "எல்லாம் சேந்து இழுத்துப் புடிக்குதுடா. ஒண்ணு லூசானா அதான் மொதல்ல போவும்" என்றார்.

மெக்கானிக்ஸும் அதையே சொல்கிறது. பாரம் ஏறியதும் தரைப்பக்கக் கம்பிகளில் இழுவிசை குறையும். சக்கரம் சுற்றச் சுற்ற அது குறைந்து கூடும். தளர்ந்த கம்பி இப்படியே களைத்து அறுந்துவிடும். பள்ளிக்கூடமே போகாத அப்பா, கம்பியை விரலால் சுண்டி, சத்தத்திலேயே இதைக் கண்டுபிடிப்பார்.

"டிப்ளமா படிக்கிறவன் கையில கிரீஸா?" என்கிறார்கள் உறவினர்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். என் முதல் லேப் எங்கள் வீட்டுத் திண்ணைதான்!