மூடிக்குள் இருந்த கறள்

கிணற்றுக் கப்பியிற் கறள் ஏறினால் அது கிறீச்சிடும். கதவுப் பிணைச்சலில் ஏறினால் கதவு முனகும். இரும்பு தன் நோயை நமக்குச் சொல்லவே செய்கின்றது. கேட்கும் பொறுமைதான் நமக்கு வாய்ப்பதில்லை. இதனை நாம் கற்றுக்கொண்டது கொட்டியாரக் குடாவில், ஒரு சிறு படகின் முன்தட்டில்.

திருகோணமலையில் நமக்கு ஒரு படகு உண்டு. நங்கூரத்தையும் அதன் சங்கிலியையும் தூக்குவதற்கு, பற்றரியில் இயங்கும் மின்சார வின்ச் ஒன்றை அதிற் பொருத்தியிருந்தோம். 2018 ஆம் ஆண்டு தீபாவளி விடுமுறைக்கு நம் தமக்கையாரின் மகன் வந்திருந்தான். உயர்தர வகுப்பிற் பௌதிகம் படிப்பவன். வந்த அன்றே சொன்னான்: “மாமா, வின்ச் மோட்டார் முனகுது. ஒருக்காக் கழற்றிப் பார்ப்பமே?”

சென்ற ஆண்டு பூசிய வெள்ளைப் பெயின்ற் மெருகு குலையாமல் இருந்தது. அதனைச் சுட்டிக்காட்டி, பெரியவர்கள் வழக்கப்படி அவன் வாயை அடைத்தோம்.

மறுநாட் பிற்பகல் மூதூர்க் கரைக்கு அண்மையில் நங்கூரமிட்டுத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தோம். திடீரென வானம் கறுத்தது. காற்றுக் கரையை நோக்கித் திரும்பிற்று. விரைந்து புறப்படாவிடின் படகு கரையில் மோதும். பொத்தானை அழுத்தினோம். ஒரு முனகல், பின்னர் மௌனம். சங்கிலி அசையவில்லை.

நாம் இயந்திரத்தை மெல்ல முன்செலுத்த, மருமகன் வெறுங்கையாற் சங்கிலியை இழுத்தான். பாதி ஏறிய வேளையில் ஓர் அலை படகின் முகப்பைத் தூக்கிற்று. சங்கிலி அவன் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டு ஓடியது. மற்றக் கையால் அதனைப் பற்றி ஒருவாறு நங்கூரத்தை ஏற்றிவிட்டான். கரைசேர்ந்தபின் கையில் ஏழு தையல். “நான் சொன்னனான்தானே, மாமா” என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் பற்றரி இணைப்பை அகற்றிவிட்டு மோட்டாரைத் திறந்தோம். கட்டுப்போட்ட கையோடு அவனும் அருகிருந்தான். வெளியே வெண்மை, உள்ளே செம்மண் நிறம்! வயர் நுழையும் துவாரத்தினூடாக உப்பு நீர் கசிந்து அடியிற் தேங்கியிருந்தது. இரும்பு கறளானால் முன்னிருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட இடத்தைப் பிடிக்கும். அவ்வாறு பருத்த கறள், உட்சுவரில் ஒட்டியிருந்த காந்தங்களுள் ஒன்றைப் பெயர்த்துச் சுழலும் பகுதியோடு இறுக்கிவிட்டது. காபன் பிரஷ் ஒன்றும் தன் கூட்டிற் சிக்கி அசையாதிருந்தது. செம்பு வயரின் முனையிற் பச்சைத் தூள் படிந்திருந்தது.

“படகின் அடியில் நாகத் துண்டு பொருத்தியிருக்கின்றோமே, அது காக்காதா?” என்று கேட்டோம். இப்போது அவன் ஆசிரியன், நாம் மாணவர். கப்பல்களின் செப்புத் தகட்டை நாகம், இரும்பு முதலியவற்றின் துண்டுகளாற் காக்கலாமென்று 1824 இல் ஹம்பிறி டேவி காட்டியதைச் சொன்னான். ஆயினும் இரு உலோகங்களும் ஒரே நீரில் அமிழ்ந்திருந்தாலன்றி அந்தக் காவல் நடவாது. தட்டின்மேல் இருக்கும் மோட்டாருக்கு நாகம் துணையில்லை. அங்கே உப்புப் படலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, மழையில்லாத நாளிலும் இரும்பை நனைத்துக்கொண்டேயிருக்கும்.

பின்பு ஒரு கணக்கும் போட்டுக் காட்டினான். 12 வோல்ற்றில் 1000 வாற்று வலுப் பெற 80 அம்பியருக்கு மேல் மின் ஓடவேண்டும். கறள் பிடித்த இணைப்பில் ஓர் ஓமின் இருபதில் ஒரு பங்கு தடை இருந்தாலும், 80 அம்பியர் ஓடும்போது 4 வோல்ற்று அங்கேயே வெப்பமாக வீணாகும். மூன்றில் ஒரு பங்கு வலுவை இழந்த மோட்டார் முனகாமல் என்ன செய்யும்?

புதிய மோட்டாரே வாங்க வேண்டியதாயிற்று. பொருத்துமுன் அதன் உறை முழுவதற்கும், சிறப்பாக அடி மூட்டுக்கும் வயர்த் துவாரத்துக்கும், எப்பொக்சிப் பெயின்ற் பூசினோம். வெள்ளீயம் பூசிய செம்பு வயரையிட்டு முனைகளை நீர் புகாதவாறு மூடினோம். ஆணிகளுக்குக் கிறீஸ் தடவினோம். சங்கிலி அறையில் அடைபட்டிருந்த வடிகாலைத் திறந்துவிட்டோம். ஒவ்வொரு பயணத்தின் பின்னும் வின்ச்சின் வெளிப்புறத்தை நன்னீராற் கழுவுகின்றோம். மாதம் ஒரு முறையேனும் இயக்குகின்றோம். ஆண்டுக்கொரு முறை திறந்து பார்க்கின்றோம்.

இவையாவும் செய்ய அரை நாள் போதும். அந்த அரை நாளைத் தர மறுத்தது காலமன்று, நம் கௌரவமே. மருமகனின் உள்ளங்கைத் தழும்பு இன்னும் மறையவில்லை. வீட்டில் இளையவர் எவரேனும், “ஒருக்காத் திறந்து பார்ப்பமே?” என்று கேட்டால், இப்போதெல்லாம் நாம் விடை சொல்வதில்லை, திருகாணி முடுக்கியைத் தேடி எடுக்கின்றோம்.