சாரலும் சாலையும்

ஆனி பிறந்துவிட்டால் தென்காசி வட்டாரத்தின் முகமே மாறிவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியே மேலைக்காற்று நுழையும். வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே சாரல் தூறும். தென்காசியிலிருந்து மேலகரம் வழியாகக் குற்றாலம் செல்லும் சாலை ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர்தான். ஆயினும் அருவிப் பருவத்தில் அச்சிறு சாலைக்கு ஊரே வந்து சேர்கிறது. வெளியூர்ப் பேருந்துகள், மகிழுந்துகள், ஆட்டோக்கள், ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்கும் தள்ளுவண்டிகள், துண்டைத் தோளில் இட்டு ஈரத் தலையுடன் நடப்போர், சுற்றிய பீடிகளைப் பையில் எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லும் பெண்கள் என அதன் ஓட்டம் ஓய்வதில்லை.

அக்கூட்டத்தினூடே ஒரு ஸ்கூட்டர் செல்கிறது எனக் கொள்ளலாம். ஓட்டுபவன் கல்லூரி மாணவன். ஓட்டுநர் உரிமம் பெற்றுச் சில மாதங்களே ஆகியிருக்கின்றன. பின்னால் அமர்ந்திருப்பவன் பதினொன்றாம் வகுப்பில் பயிலும் அவன் தம்பி. நண்பர்கள் ஐந்தருவியில் காத்திருக்கின்றனர். அண்ணனின் சட்டைப்பையில் கைபேசி அதிர்கிறது. ஒரு கை வண்டியின் பிடியை விட்டுப் பையை நோக்கிப் போகிறது.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். வானில் செல்லும் கதிரவனின் தேரும் குதிரைகளும் இம்மலை அருவியின் நீரில் சறுக்குவதாகக் குற்றாலக் குறவஞ்சியில் அவர் கற்பனை செய்தார். விண்ணகத் தேருக்கே அந்நிலை என்றால் மண்ணில் ஓடும் இருசக்கர வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதன் ஒவ்வொரு சக்கரமும் தரையைத் தொடும் பரப்பு ஓர் உள்ளங்கை அளவுகூட இராது. முதல் தூறலில் சாலைப் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் நீரோடு கலக்கும் வேளையில் அந்தப் பிடிப்பும் தளரும். பெருமழையைவிடச் சிறுசாரலே வண்டியோட்டிகளை அதிகம் ஏமாற்றுகிறது.

“ஒரு நொடி பார்த்துவிட்டு வைத்துவிடுவேன்” என்பதே எல்லாரும் கூறும் அமைதி. அது ஒரு நொடியன்று. அமெரிக்காவிலுள்ள விர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் சரக்குந்து ஓட்டுநர்களை ஆராய்ந்து 2009இல் ஒன்றைக் கண்டறிந்தது. குறுஞ்செய்தி எழுதும்போது, 6 நொடிகளில் 4.6 நொடிகள் அவர்களின் கண்கள் சாலையை விட்டு விலகியிருந்தன. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் மிதமானது என்றே தோன்றும். அவ்வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் கடக்கும். ஐந்து நொடியில் 55 மீட்டர். தென்காசி காசி விசுவநாதர் கோயில் இராசகோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 180 அடி. அதுவும் 55 மீட்டர்தான். அக்கோபுரத்தைச் சாலையில் கிடத்தினால் எவ்வளவு நீளுமோ, அவ்வளவு தொலைவைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கடப்பதற்கு ஒப்பானது அந்த ‘ஒரு நொடி’. அந்நீளத்திற்குள் ஒரு குழந்தை சாலையைக் கடக்கலாம். முன்னே செல்லும் பேருந்து நின்றுவிடலாம்.

2006 செப்டம்பரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மழை பெய்த ஒரு காலையில் 19 வயது இளைஞர் ஒருவர் பணிக்குச் சென்றுகொண்டிருந்தார். அவருடைய வண்டி நடுக்கோட்டைத் தாண்டி எதிரே வந்த காரை உரசியது. அக்கார் நிலைதடுமாறி மற்றொரு வண்டியில் மோதியது. காரிலிருந்த அறிவியலாளர் இருவர் உயிரிழந்தனர். குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்ததை இளைஞர் தொடக்கத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. தொலைபேசிப் பதிவேடுகளே அதை வெளிப்படுத்தின. அவர் மறைத்தார் என்று மட்டும் கூறி நகர்ந்துவிட இயலவில்லை. பழகிய கை, உள்ளம் அறியாமலே கைபேசியைத் தேடும் என்பதுதான் இங்கு அஞ்சத்தக்கது. பின்னர் அவர் குற்றத்தை ஏற்றார், சிறை சென்றார், கடுமையான சட்டம் வேண்டும் என்று சட்டமன்றத்தாரிடம் தாமே பேசினார். 2009இல் யூட்டாவில் அச்சட்டம் வந்தது. அதன்பிறகும் பள்ளி பள்ளியாகச் சென்று தம் தவற்றை மாணவர்முன் சொல்லிக்கொண்டேயிருந்தார். கொன்றவன் என்னும் நினைவோடு வாழ்வதும் ஒரு தண்டனையே.

தமிழ்நாட்டு நிலையும் ஆறுதல் தருவதாக இல்லை. மத்திய அரசின் அறிக்கைப்படி 2022இல் இங்கு நிகழ்ந்த சாலை விபத்துகள் 64,105. இந்திய மாநிலங்களுள் இதுவே மிகுதி. இறந்தோர் 17,884 பேர். இவற்றுள் கைபேசியால் நேர்ந்தவற்றைப் பிரித்தறிவது எளிதன்று; உடைந்த கைபேசி சாட்சி சொல்ல வருவதில்லை.

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், கைபேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவதை ஆபத்தாக ஓட்டும் குற்றமாகக் கருதுகிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர் குற்றமிழைத்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் பெற நேரிடும். ஓட்டியவர்க்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. பிள்ளையிடம் வண்டிச் சாவியைப் பெருமையுடன் நீட்டும் வீடுகள் இதனை அறிந்திருக்கின்றனவா என்பது ஐயமே.

உடனே விடையளிக்காவிடில் நட்பு குறைந்துவிடும் என்னும் அச்சமே இளையோரைச் சாலையிலும் துரத்துகிறது. இதே குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. கடிதங்களாலேயே நட்பை வளர்த்தவர். ஒரு மடல் போய்ச் சேர்ந்து மறுமடல் வருவதற்கு நாள்கள் கழியும். அக்காத்திருப்பில் எவர் அன்பும் குறையவில்லை. அம்மடல்கள் இன்றும் நூலாக நின்று படிக்கப்படுகின்றன.

ஸ்கூட்டர் மேலகரத்தை நெருங்குகிறது. கைபேசி மீண்டும் அதிர்கிறது. மூத்தவனைத் திருத்துவது தம்பிக்கு எளிதன்று; வீட்டில் திட்டு விழலாம், நண்பர்முன் கேலியும் எழலாம். இருப்பினும் அவன் அண்ணனின் தோளைத் தொடுகிறான்.

“அண்ணா, ஓரமா நிறுத்து. நான் பார்த்துச் சொல்றேன்.”

வண்டி ஒரு மரத்தடியில் நிற்கிறது. இலைகளிலிருந்து நீர் சொட்டுகிறது. தம்பி கைபேசியை வாங்கிப் படிக்கிறான்: ‘அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். மெதுவாகவே வாருங்கள்.’