மூணு நிமிஷம் மிதந்தா போதும்!

நீச்சல் குளத்து மேடை மேல நிற்கிறேன். கீழே நீலமா தண்ணி. பக்கத்தில் பி.டி.ஐ. விசிலை வாயில் வைத்தபடி முறைக்கிறார். பின்னால் பெரிய க்யூ. "ஜம்ப்!" என்று சத்தம் வருகிறது. என் கால் கட்டைவிரல் மட்டும் சிமென்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நகரவே மாட்டேங்குது!

கடலோர காவல்படையில் வேலை. ஆனா நீச்சல் தெரியாது. சிரிக்காதீங்க ப்ளீஸ்... அது நான்தான்!

அருப்புக்கோட்டை பக்கம் என் ஊர். கண்மாயில் தண்ணி நின்னா அது நியூஸ். கிணறு உண்டு. ஆனா எனக்கு ஆறு வயசு இருக்கும்போது பக்கத்து வீட்டுப் பையன் கிணத்துல விழுந்து செத்துப்போனான். அதிலிருந்து அம்மா என்னைக் கிணத்து மேட்டுக்கே விட்டதில்லை. ப்ளஸ் டூவில் மேத்ஸ், ஃபிசிக்ஸ் எடுத்து, காலேஜில் என்.சி.சி.யில் சுத்திட்டு இருந்தவன், 'நாவிக்' வேலைக்கு விளம்பரம் பார்த்து அப்ளை பண்ணினேன். 1.6 கிலோமீட்டரை ஏழு நிமிஷத்தில் ஓடணும், இருபது தோப்புக்கரணம், பத்து தண்டால். எல்லாம் ஊதித் தள்ளியாச்சு. 'நீச்சல் தெரியுமா?'ன்னு யாரும் கேட்கலை. நானும் சொல்லலை!

2009-ல் டிரங்குப் பெட்டியோடு ஒடிசாவில் இறங்கினேன். சிலிகா ஏரிக்கரையில் ஐ.என்.எஸ். சில்கா. பேரைக் கேட்டா கப்பல் மாதிரி இருக்கும். ஆனா தரையில் இருக்கிற பயிற்சி மையம். 1980-ல் ஆரம்பிச்சது. கடற்படைப் பசங்களும் கடலோர காவல்படைப் பசங்களும் அங்கேதான் முதல் பாடம் படிக்கிறோம்.

முதல் நாள் முடி போச்சு. இரண்டாம் நாள் தூக்கம் போச்சு. மூன்றாம் நாள் தமிழும் போச்சு!

தரையில் இருந்தாலும் பேச்சு எல்லாம் கப்பல் பேச்சு. தரைக்குப் பேர் 'டெக்'. கக்கூஸுக்குப் பேர் 'ஹெட்ஸ்'. சமையலறைக்குப் பேர் 'கேலி'. "கேலிக்குப் போ"ன்னு சீனியர் சொன்னப்ப, யாரையோ கிண்டல் பண்ணச் சொல்றாருன்னு நினைச்சு முழிச்சேன்.

பொழுது விடியறதுக்கு முன்னாடியே விசில். கண்ணைத் திறக்கும்போதே கட்டில் விரிப்பு சுருக்கமில்லாம இருக்கணும். ஓட்டம், பி.டி., குளியல், ஷேவிங், ரொட்டி, டீ, பரேடு. அப்புறம் வகுப்பு: கயிறு முடிச்சு, படகு, கொடி சிக்னல், தீயணைப்பு, முதலுதவி. வகுப்பில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தா போதும், கண் தானா சொருகும். சொருகினா எழுந்து நிக்கணும். பாதி வகுப்பு நின்னுக்கிட்டுதான் படிச்சோம்! சாயந்திரம் விளையாட்டு. ராத்திரி துணி துவைச்சு, ஷூ பாலீஷ் போட்டு, ரவுண்ட்ஸ் வர்ற அதிகாரிக்காக விறைப்பா நிக்கணும். வெள்ளை யூனிஃபார்மைக் கண்டுபிடிச்சவன் கையில் கிடைச்சா விட்டிருக்க மாட்டோம்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பாம்பன் பையன். எல்லோரும் அவனை 'பாம்பன்'னே கூப்பிட்டோம். மீனவர் குடும்பம். தண்ணியில் போட்டா மீன். பரேடில் விட்டா பாவம்! கமாண்ட் எல்லாம் இந்தியில். "பீச்சே முட்"னா பின்னால் திரும்பணும். இவன் 'பீச்சாங்கை'ன்னு நினைச்சுக்கிட்டு டபக்குனு இடதுபக்கம் திரும்புவான். மொத்த வரிசையும் ஒரு பக்கம், பாம்பன் ஒரு பக்கம். தண்டனையா மைதானத்தைச் சுத்தி ஓட்டம்.

எனக்கு என்.சி.சி. புண்ணியத்தில் அந்த இந்தி அத்துப்படி. அன்னிக்கு ராத்திரி பாலீஷ் போட்டுக்கிட்டே டீல் பேசினோம். நான் அவனுக்குப் பரேடு இந்தி. அவன் எனக்கு நீச்சல்.

நீச்சல் டெஸ்ட்டில் மூணு ஐட்டம். உயரத்திலிருந்து குதிக்கணும். ஐம்பது மீட்டர் நீந்தணும். மூணு நிமிஷம் மிதக்கணும். பாஸ் ஆகலைன்னா அடுத்த பேட்ச்சோட போகணும்னு பேச்சு. ஊரில் அப்பா எல்லார்கிட்டேயும், "மகன் கடல்ல காவலுக்குப் போயிருக்கான்"னு சொல்லி வெச்சிருந்தார். ஞாயிற்றுக்கிழமை போன் பூத் க்யூவில் நின்னு பேசினா அம்மா கேட்கிற முதல் கேள்வி, "சாப்ட்டியாப்பா?" இரண்டாவது, "தண்ணிப் பக்கம் போறியா?"

"இல்லம்மா, எல்லாம் கிளாஸ்தான்." அம்மாகிட்ட நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

பாம்பன் எனக்கு முதல் பாடம் எடுத்தது குளத்தில் இல்லை, கட்டிலில்! "மல்லாக்கப் படு மாப்ள. கையை விரி. மூச்சை நிரப்பு. கழுத்தை விறைக்காத. இதான் கடல்." நான் சிரிச்சேன். அவன் சிரிக்கலை. "நீ தண்ணிகூட சண்டை போடற. சண்டை போட்டா அதுதான் ஜெயிக்கும். படுத்துக்க, அதுவே தூக்கும்."

அப்புறம்தான் சொன்னான். அவன் சித்தப்பா ஒரு நாள் கடலுக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. "தேடிப் போற கப்பல்ல நானும் ஒருத்தனா இருக்கணும்டா. அதுக்குத்தான் வந்தேன்." நான் சம்பளத்துக்கு வந்தவன். அன்னிக்கு ராத்திரி எனக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரலை.

இப்போ மேடைக்கு வருவோம். விசில் மறுபடி அடிச்சுது. கிணறு ஞாபகம் வந்தது. க்யூவிலிருந்து ஒரு குரல்: "பீச்சே முட் பண்ணிடாத மாப்ள!" சிரிப்பு வந்துடுச்சு. அந்தச் சிரிப்பிலேயே குதிச்சேன்.

மூக்கு, காது எல்லாம் தண்ணி. மேலே வந்து கையைக் காலை அடிச்சு, நாய் நீச்சலோ என்னவோ, ஒருவழியா ஐம்பது மீட்டர். கடைசியா மிதக்கிறது. மல்லாந்தேன். கையை விரிச்சேன். மேலே ஆகாசம் மட்டும். காதுக்குள் 'ஙொய்'னு ஒரு அமைதி. மூணு நிமிஷம் முடிஞ்சதுன்னு பி.டி.ஐ. ரெண்டு தடவை கத்தினாராம். எனக்குக் கேட்கலை!

அடுத்த ஞாயிறு போனில் உண்மையைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "பக்கத்துல யாராச்சும் இருந்தாங்களா?"

"இருந்தான்மா."

பாசிங் அவுட் பரேடில் பாம்பன் ஒரு திருப்பம்கூடத் தப்பா திரும்பலை. அதன் பிறகு கப்பல் பயிற்சி, தொழில் பயிற்சின்னு ஆளுக்கொரு திசை.

சில வருஷம் கழிச்சு ஒரு ராத்திரி. தண்ணி புகுந்து கவிழ்ந்த படகைத் தேடிப் போனோம். விடியும் நேரத்தில் காலி கேனைப் பிடிச்சபடி மிதந்த இரண்டு பேரைத் தூக்கினோம். அதில் வயசானவர் நடுங்கிக்கிட்டே டீயை வாங்கி, "அடிச்சுக்காம கிடந்தோம் தம்பி. எப்படியும் வருவீங்கன்னு தெரியும்" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். யூனிஃபார்ம்ல இருக்கும்போது அழக்கூடாதில்லையா?

கடலோர காவல்படையின் முழக்கம் 'வயம் ரக்ஷாமஹ'. நாங்க காப்போம்னு அர்த்தம். சில்காவில் தினம் கேட்ட வார்த்தை. அர்த்தம் புரிஞ்சது அந்த டீ டம்ளர் முன்னாடிதான்.

அப்ளை பண்ணப் போற பசங்களுக்கு ரெண்டே விஷயம். ஓட்டப் பயிற்சியை இன்னிக்கே ஆரம்பிங்க. நீச்சல் தெரியலைன்னா வெட்கப்படாம, தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல இருக்கும்போது கத்துக்கங்க. கடலுக்குப் போற சொந்தக்காரங்க இருந்தா அவங்களுக்கு ஒரு நம்பர் சொல்லி வைங்க: 1554. கடலில் ஆபத்துன்னா கூப்பிட வேண்டிய கடலோர காவல்படை நம்பர்.

பாம்பன் இப்போ மேற்குக் கரையில் ஒரு கப்பலில் இருக்கான். போன் பண்ணினா இன்னும் முதல் கேள்வி அதேதான்:

"மாப்ள, மிதக்கிறியா?"