நிழல் விழுந்த படம்

என் அலமாரியின் கீழ்த்தட்டில் பதினோரு பழைய ஃபிலிம் கேமராக்கள் இருக்கின்றன. நான்கு ஆக்ஃபா கிளிக் 3, இரண்டு யாஷிகா எம்எஃப் 2, மீதி கோடக் கேபி 10 வகையறா. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளிலும் பேரம் பேசி வாங்கியவை. எதற்கும் அறுநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்ததில்லை. "அம்பது வயசுல என்னடி விளையாட்டுச் சாமான்?" என்று அண்ணன் கேட்கிறான். அவன் ட்ரோன் வாங்கியபோது யாரும் அவன் வயதைக் கேட்கவில்லை.

முதலில் வாங்கியது கிளிக் 3. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் வீட்டில் இருந்தது அதுதான். வதோதராவில் தயாரான கருப்புப் பிளாஸ்டிக் பெட்டி. வெளிநாட்டுக் கேமரா கைக்கு எட்டாத அந்தக் காலத்தில் ஆசிரியர், குமாஸ்தா வீடுகள் வாங்க முடிந்த கேமரா. 120 ஃபிலிமில் சதுரமாகப் பன்னிரண்டு படங்கள் விழும். அப்போது நம் நாட்டிலேயே ஃபிலிமும் தயாரானது. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, நிலா என்று பொருள்படும் 'இந்து' என்ற பெயரில் விற்றது. அந்த ஆலை இப்போது மூடிக் கிடக்கிறது.

கிளிக் 3இல் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி. பின்பக்கத்துச் சிவப்பு வட்டத்தில் அடுத்த எண் வரும்வரை குமிழைத் திருக வேண்டும். மறந்தால் ஒரு படத்தின் மேலேயே இன்னொன்று விழும். உள்ளே வரும் வெளிச்சம் கொஞ்சம்தான் என்பதால் வெளியில் நல்ல வெளிச்சம் வேண்டும். எனவே இதற்கென்று ஒரே விதிதான்: வெயில் உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

அந்த விதியை நம்பித்தான் என் முதல் ரோலைக் காவிரிக்கரையில் ஒரு சாயங்காலம் எடுத்தேன். ஃபிலிமுக்கும் கழுவுவதற்கும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. பன்னிரண்டு படங்களில் ஐந்தில் என் நிழல் நீளமாக உள்ளே வந்து விழுந்திருந்தது. எரிச்சலாக இருந்தது. அப்பா மட்டும் எப்படி ஒழுங்காக எடுத்தார் என்று பார்க்கப் பழைய ஆல்பத்தை இறக்கினேன்.

அப்பா திருவையாற்றுக்குப் பக்கத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் நீல மையில் இடமும் வருடமும் எழுதி வைப்பார். அவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இன்றும் அந்த ஆல்பத்துக்கு எங்கள் வீட்டில் 'அப்பா எடுத்த படங்கள்' என்றுதான் பெயர்.

'பொங்கல் 1979, புஷ்யமண்டபப் படித்துறை.' இந்தப் படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேனோ தெரியாது. அப்பா என்னைத் தூக்கி வைத்திருக்கிறார். அண்ணன் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அன்றுதான் படத்தின் கீழ் ஓரத்தைப் பார்த்தேன். கல்லின் மேல் ஒரு நிழல். இரண்டு முழங்கைகளும் மடங்கி மேலே தூக்கியிருக்கின்றன. ஒரு பக்கம் புடவைத் தலைப்பு காற்றில் விலகி நிற்கிறது.

அப்பா எடுத்த படத்தில் அப்பா எப்படி இருக்கிறார் என்று நாற்பது வருடத்துக்கும் மேலாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆல்பம் முழுவதையும் எண்ணினேன். அப்பா இருக்கும் படங்கள் ஒன்பது. அவற்றில் மூன்றில் அந்த நிழல் இருந்தது.

இப்போது நான் கருப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவுகிறேன். ஊர் வீட்டில், முன்பு நெல் குதிர் இருந்த உள்ளுக்கு ஜன்னல் கிடையாது. கதவிடுக்கில் பழைய புடவையைத் திணித்துவிட்டால் நல்ல இருட்டு. ஃபிலிமைச் சுருளில் ஏற்றி டப்பாவை மூடும்வரை விளக்குப் போடக் கூடாது. டெவலப்பர் இருபது டிகிரி சூட்டில் இருக்க வேண்டும் என்பார்கள். சித்திரை மாதத்தில் எங்கள் குழாய்த் தண்ணீரே முப்பதைத் தாண்டும். மண்பானைத் தண்ணீரில் ஐஸ்கட்டி போட்டு இறக்கிக்கொள்வேன். பானையைப் பார்த்துக்கொள்ள அம்மாவும் உள்ளே வந்து உட்காருவார்.

அந்த இருட்டில்தான் கேட்டேன்.

"படித்துறைப் படம் நீ எடுத்ததாம்மா?"

"ஆமா. அதுக்கு என்ன இப்ப?"

"சொல்லவே இல்லையே."

"யாரு கேட்டா? கேமரா அவரோடது. படமும் அவரோடதுன்னு இருந்துட்டேன்."

கண்ணுக்குக் கண் தெரியாத இடம் என்பதாலோ என்னவோ, அம்மா மேலே பேசினார். தானும் படத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக அப்பாதான் பொத்தானை அழுத்தச் சொல்லிக் கொடுத்தாராம். அம்மாவுக்கு அது பிடித்துப் போனது. ஒருநாள் அப்பா பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், யாரையும் கேட்காமல் நான்கு படங்கள் எடுத்தார். கொல்லையில் கட்டியிருந்த கன்றுக்குட்டி, பக்கத்து வீட்டு அத்தை, காயப்போட்டிருந்த வடகம், திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்த பாட்டி. ரோல் கழுவி வந்ததும் அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நாலு ஃபிலிமை வீணாக்கிட்டியே" என்று சிரித்தாராம். திட்டவில்லை. அப்பா யாரையும் திட்டுகிறவர் இல்லை. "அப்புறம் அவரு குடுத்தா எடுப்பேன். நானா தொட்டதில்ல" என்றார் அம்மா.

பன்னிரண்டில் எட்டு, அப்பா நினைத்தபடி வந்தவை, ஆல்பத்துக்குப் போயின. நான்கு வீண். அந்த நான்குக்கும் பிரிண்ட் போடவில்லை. நெகட்டிவ் மட்டும் ஒரு ஸ்டுடியோ உறைக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்தது. டெல்டாவின் ஈரத்தில் பூஞ்சை படிந்து மூன்று போய்விட்டன. தப்பியது பாட்டி. ஸ்கேன் செய்து பார்த்தேன். தலைக்கு மணைப்பலகை, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, ஒரு கை தரையில் விழுந்து கிடக்கிறது. ஆல்பத்தில் பாட்டி வரும் மற்ற எல்லாப் படங்களிலும் விறைத்து நிற்கிறாள். பாட்டி ஓய்வெடுத்து நான் பார்த்த ஒரே படம், வீண் என்று சொல்லப்பட்ட இந்தப் படம்தான்.

ஹோமாய் வியாரவாலாவைப் பற்றி நான் படித்திருந்தேன். 1913இல் பிறந்தவர், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். சுதந்திரத்தின் முதல் நாட்களை நாம் எந்தப் படங்களாக நினைவில் வைத்திருக்கிறோமோ அவற்றில் பல அவர் எடுத்தவை. அவருடைய ஆரம்ப காலப் படங்கள் கணவர் பெயரில்தான் அச்சாயின. பிறகு 'டால்டா 13' என்று ஒரு புனைபெயர். தொழிலை விட்ட பிறகு பல வருடங்கள் வதோதராவில் வாழ்ந்து 2012இல் இறந்தார். பத்ம விபூஷண் கிடைத்தது அதற்கு முந்தைய வருடம்தான். என் கிளிக் 3 வந்ததும் அதே வதோதராவிலிருந்து. அம்மாவை அவருடன் ஒப்பிடவில்லை. ஒருவர் ஒரு நாட்டின் வரலாற்றை எடுத்தவர், இன்னொருவர் வடகத்தை எடுத்தவர். ஆனால் படம் கணவருடையதாக ஆன விதம் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான். யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை, அப்படித்தான் எழுத வேண்டும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

நானும் அப்படி நினைத்துக்கொண்டு செய்தது ஒன்று உண்டு. ஐப்பசியில் தாளடி நடவு நடந்துகொண்டிருந்தது. மழை விட்ட ஒரு காலையில் வரப்பில் நின்று கேமராவை உயர்த்தினேன். தஞ்சாவூர் என்றால் காலண்டரிலும் சுற்றுலா விளம்பரத்திலும் வருமே, வரிசையாகக் குனிந்த முதுகுகளும் பச்சை நாற்றும். அதே படம்தான் என் கண்ணிலும் இருந்தது. ஒரு பெரியம்மா குனிந்த வாக்கிலேயே தலையைத் திருப்பி, "ஏன் பாப்பா, மூஞ்சி தெரியாம எடுத்து என்ன பண்ணப் போற?" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். என் காது சூடாகிவிட்டது. இறங்கிப் போய், எப்படி எடுக்கட்டும் என்று கேட்டேன். கரையேறி, கை கால் கழுவி, கொண்டையைச் சரிசெய்துகொண்டு ஏழு பேரும் நிமிர்ந்து நின்றார்கள். அவரவருக்கு ஒரு பிரிண்ட் என்று பேச்சு. பெரியம்மா தன்னைத் தனியாகவும் ஒன்று எடுக்கச் சொன்னார். ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் இருப்பதைத் தவிர அவருக்கு வேறு படம் கிடையாதாம். "நான் போனப்பறம் அதையா பெருசு பண்ணி மாட்டுறது?" என்றார்.

பிரிண்ட் கொண்டுபோன அன்று ஏழு பேரின் பெயரையும் கேட்டு ஒவ்வொன்றின் பின்னாலும் எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது பெரிய கோயில் ஞாபகம் வந்தது. லின்னேயஸ் ட்ரைப் என்ற வெள்ளைக்காரர் 1858இல் அந்தக் கோயிலைப் படமெடுத்தார். விமானத்தின் அடியைச் சுற்றி ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். அந்தக் கோயிலின் இன்னொரு கல்வெட்டில், ராஜராஜன் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதோடு வெட்டப்பட்டிருக்கின்றன. அவர்கள் விரும்பி வந்தார்களா என்று கல் சொல்வதில்லை. பெயராவது இருக்கிறது. சந்தைகளில் பழைய ஸ்டுடியோ நெகட்டிவ்களைக் கிலோ கணக்கில் பார்த்திருக்கிறேன். மணப்பெண்கள், சீமந்தப் பெண்கள், கைக்குழந்தையோடு அம்மாக்கள். எல்லோருக்கும் முகம் இருக்கிறது, ஒருத்திக்கும் பெயர் இல்லை.

போன தையில் அம்மாவைப் புஷ்யமண்டபத்துக்கு அழைத்துப் போனேன். கிளிக் 3இல் நான்கு படங்கள் மீதி இருந்தன. கேமராவை அவர் கையில் கொடுத்தேன். முதலில் வாங்கவில்லை. பிறகு வாங்கி, திருப்பிப் பார்த்து, "எது மேல வெயில் போட்டிருக்கோ அதுதானே?" என்று கேட்டார். மறக்கவில்லை. என்னை எடுப்பார் என்று நினைத்து நின்றேன். அவர் என்னை நகரச் சொல்லிவிட்டு, படியில் ஈரத் துணி பிழிந்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய் ஏதோ கேட்டார். அவள் தலையாட்டியதும் எடுத்தார். நான்கும் அவருடைய இஷ்டம்தான்.

இந்தக் கட்டுரையில் உன் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் வேணாம்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "அந்தப் பொங்கல் படத்துக்குப் பின்னாடி வேணா எழுதிக்க. அவரு எழுத்துக்குக் கீழ."

எழுதிவிட்டேன்.